எந்த லாங்குவேஜுக்கு மவுசு?

வணக்கம் நேயர்களே. இங்க கேஎல்ல, அதான் கோலாலம்பூர்ல, எங்க ஆபீஸுக்கு இன்டர்ன்ஷிப் வர்ற பிள்ளைங்க, அவங்க அப்பா அம்மா, எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், எந்த புரோகிராமிங் லாங்குவேஜ் படிச்சா வேலை கெடைக்கும்? கேட்ட கையோட போன்ல ஒரு சார்ட்டையும் நீட்டுவாங்க, இந்த கிளவுட்ல, அதாவது நம்ம ஆப்ப ஏத்தி ஓட்டுற வாடகை கம்ப்யூட்டர்ல, ஜாவாஸ்கிரிப்ட் மேல, ரூபி கீழ போயிடுச்சுன்னு. சார்ட் பொய் சொல்லலங்க, ஆனா அந்த கிளவுட் யார மொதல்ல உள்ள விட்டுச்சுன்னு பாக்கணும்ல.

ஹெரோக்குன்னு ஒரு கிளவுட், அத எடுத்துக்குங்க. 2007ல ஆரம்பிச்சப்ப ரூபி மட்டும்தான், பைதான் ஜாவாவுக்கெல்லாம் 2011லதான் எடம் கெடைச்சுச்சு. கூகுளோட கிளவுட் ஆப் எஞ்சின் 2008ல வந்தப்ப நேர்மாறு, பைதான் மட்டும். அப்ப ரெண்டு எடத்துலயும் கணக்கு எடுத்திருந்தா ஒருத்தர் ரூபிதான் ராஜாம்பாரு, இன்னொருத்தர் ரூபியா, அப்படின்னா என்னம்பாரு. ரொட்டி சானாய் மட்டும் போடுற மாமாக் கடையில உக்காந்துக்கிட்டு, கேஎல்ல யாரும் தோசையே சாப்பிடறதில்லன்னு சொன்னா எப்படி லா?

அடுத்து, மெஷின் எப்படி எண்ணுதுன்னு பாருங்க, எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் இது. ஹெரோக்குல கோட அனுப்புனா, என்ன லாங்குவேஜ்னு நாம சொல்லலன்னா அதுவே ஃபைல் பேரப் பாத்து முடிவு பண்ணும், ஜெம்ஃபைல் இருந்தா ரூபி, பேக்கேஜ் டாட் ஜேசான் இருந்தா நோட் ஜேஎஸ், அதாவது ஜாவாஸ்கிரிப்ட், ரிக்வயர்மென்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி இருந்தா பைதான், வரிசையா ஒவ்வொண்ணா பாக்கும், மொதல்ல எது மாட்டுதோ அதோட நிறுத்திக்கும். நோட் வரிசையில பைதானுக்கு முன்னாடி. அதனால உள்ள பூரா பைதான்ல எழுதி, பட்டன் கிட்டன் அழகா வர்றதுக்கு ஒரு பேக்கேஜ் டாட் ஜேசான் வெளிய வச்சிருந்தீங்கன்னா, உங்க ஆப் நோட் கணக்குல போயிடும்.

இன்னொண்ணு, 2022 நவம்பர் வரைக்கும் அங்க ஓசி பிளான் இருந்துச்சு. அரை மணி நேரம் யாரும் வரலன்னா ஆப் தூங்கிடும். காலேஜ் அசைன்மென்ட்டுக்குப் போட்டுட்டு மறந்துபோனதும் ஒரு ஆப், ராத்திரி பகலா காசு பாக்குற கம்பெனியோடதும் ஒரு ஆப், எண்ணிக்கையில ரெண்டும் சமம்!

இந்தச் சார்ட்டுக்குள்ளயே வராத ஆளுங்க வேற இருக்காங்க. பினாங்குல பாயான் லெப்பாஸ் பக்கம் போங்க, இன்டெல் 1972லயே வந்த ஊரு, அந்தப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிங்கள்ல ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள்ளயே இருக்குற சாஃப்ட்வேர், எழுதுறதுன்னா சி, சி பிளஸ் பிளஸ்தான். அது போர்டுல இருக்குற சிப்புல ஓடும், கிளவுட்ல ஏறவே ஏறாது. வேர்ட்பிரஸ்ல செஞ்ச வெப்சைட்டுங்க பிஎச்பி லாங்குவேஜ்தான், ஆனா நெறைய ஏதாவது மலிவு ஹோஸ்டிங்ல கெடக்கும், பெரிய கிளவுட் கணக்குல எங்க வரும்.

அதனால பிள்ளைங்களா, சார்ட்ட வச்சிட்டு ஜாப்ஸ்ட்ரீட்ங்குற வேலை தேடுற சைட்டத் தொறங்க, எந்த ஊர்ல வேலைக்குப் போகப் போறீங்களோ அந்த ஊர் பேரப் போட்டுத் தேடுங்க. கேஎல்லுக்கு வர்ற லிஸ்ட் வேற, பினாங்குக்கு வர்றது வேற.