புது மீன் தொட்டி: தண்ணீர் தெளிந்தால் மட்டும் போதாது

[திரையில்: இரண்டடித் தொட்டி. பளிச்சென்ற தண்ணீர், கொஞ்சம் செடி. மீன் இல்லை.]

இந்தத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் ஆகிறது. கடையில் கேட்டால், "ஒரு நாள் வெச்சிட்டீங்கல்ல, மீன் விடலாம் சார்" என்பார்கள். அந்த ஒரு நாளில் நடப்பது ஒன்றுதான்: குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். குளோரமின் கலந்த தண்ணீராக இருந்தால் அதுவும் நடக்காது, ஆன்டி குளோரின் ஊற்றியே ஆக வேண்டும். ஆனால் புதுத் தொட்டியில் மீனைக் கொல்கிற விஷம் இன்னும் உள்ளே வரவே இல்லை. அதை மீன்தான் கொண்டுவரும்.

மீன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். மிச்சத் தீனி, கழிவு, அழுகிய இலை எல்லாம் அதைக் கூட்டும். தொட்டிக்குள் அதைத் தின்ன ஒரு பாக்டீரியா கூட்டம் வேண்டும். அது அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். நைட்ரைட்டும் விஷம்தான், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும், மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். அதனால் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்க இன்னொரு கூட்டமும் வேண்டும். நைட்ரேட் அளவோடு இருந்தால் மீனுக்குப் பிரச்சினை இல்லை, செடிக்கு உரம். இந்த இரண்டு கூட்டமும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேறும்வரை காத்திருப்பதுதான் சைக்கிளிங்.

[திரையில்: பிஎச் சோதனைக் குழாய், பக்கத்தில் வெப்பமானி.]

சென்னை மாதிரி ஊரில் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது, பிஎச் 8-ஐத் தொடும். வெயில் காலத்தில் தொட்டி 30 டிகிரிக்கு வந்துவிடும். அந்தச் சூட்டில் பிஎச் 7 என்றால், மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட மீனைத் தாக்கும் வடிவத்தில் இருக்காது. அதுவே பிஎச் 8 என்றால் ஏழு பங்குக்கு மேல். டெஸ்ட் கிட்டில் ஒரே நிறம்தான் வரும், ஆபத்து மட்டும் கிட்டத்தட்ட பத்து மடங்கு. ஒரு நல்லதும் உண்டு: பாக்டீரியாவுக்கு இந்தச் சூடு பிடிக்கும், ஹீட்டர் செலவு மிச்சம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் ஏர் பம்ப் மட்டும் இரவும் பகலும் ஓடட்டும்.

சரி, மீன் இல்லாமல் அம்மோனியாவுக்கு எங்கே போவது? சிலர் ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுக விடுவார்கள். வேலை செய்யும், ஆனால் வீடு நாறும், அளவும் கையில் நிற்காது. என் ஓட்டு அம்மோனியம் குளோரைடுக்கு. நாட்டு மருந்துக் கடை நவச்சாரமும் இதே உப்புதான். கூட என்ன கலந்திருக்கிறதோ என்று நான் அதைத் தொடுவதில்லை. லேப் கெமிக்கல் கடையில் சுத்தமானதாகவே கேட்டு வாங்குங்கள். 50 லிட்டருக்கு ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு, அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்கு வந்துவிடும். மணலுக்குப் பதில் அக்வா சாயில், அதாவது செடிக்கான சத்து மண், போட்டவர்கள் முதலில் டெஸ்ட் பண்ணுங்கள். பல சாயில்கள் ஆரம்ப வாரங்களில் தாங்களே அம்மோனியா விடும், உப்பே தேவைப்படாது.

செடியை முதல் நாளே நடலாம். வாலிஸ்னேரியா, ஹார்ன்வார்ட், வாட்டர் விஸ்டீரியா மாதிரி வேகமாக வளர்கிறவை அம்மோனியாவை நேரடியாகவே உறிஞ்சிக்கொள்ளும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் அழகுக்கு. இந்த வேலைக்கு அவ்வளவு உதவாது. அவற்றின் தடித்த தண்டை மணலில் புதைக்காதீர்கள், அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ கட்டிவிடுங்கள். வாங்கி வந்த செடி இலை உதிர்த்தால் பயப்பட வேண்டாம். பண்ணையில் பல செடிகளைத் தண்ணீருக்கு வெளியேதான் வளர்க்கிறார்கள், இங்கே வந்து புது இலை விடும். கரைகிற இலையை மட்டும் எடுத்துவிடுங்கள். லைட் ஆறு மணி நேரம் போதும். அதற்கு மேல் எரிந்தால் பாசிக்குத்தான் விருந்து.

[திரையில்: நைட்ரைட் சோதனை. வெளிர் நீலம் மெல்ல ஊதாவாக மாறுகிறது.]

ஒன்றிரண்டு வாரத்தில் அம்மோனியா இறங்கத் தொடங்கும். நிறைய பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அம்மோனியா பூஜ்யம் என்றதும் மீன் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். இந்தக் குழாயைப் பாருங்கள், இதே தண்ணீர்தான், நைட்ரைட் ஊதாவில் நிற்கிறது. இரண்டாவது கூட்டம் மெதுவாகத்தான் பெருகும். மொத்தமாக நான்கிலிருந்து ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தண்ணீர் பால் மாதிரி கலங்கினால் அது வேறு பாக்டீரியா, தானே தெளியும். ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். அதில் காரத்தன்மை இல்லாததால் பிஎச் சரிந்து, 6-க்குக் கீழே போனால் சைக்கிள் அப்படியே நின்றுவிடும்.

சீக்கிரம் முடிய ஒரு நம்பகமான வழி இருக்கிறது. நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான்.

முடிந்ததா என்று பார்க்க, 2 பிபிஎம் அம்மோனியா போடுங்கள். 24 மணி நேரம் கழித்து அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்றால் தயார். சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைக்கப் பாதிக்கு மேல் தண்ணீர் மாற்றிவிட்டு, நாலைந்து ஜீப்ரா டேனியோ விடுங்கள். இரண்டு வாரம் கழித்து அடுத்த செட்.

அப்புறம், ஸ்பாஞ்சை எப்போதும் தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள், குழாயடியில் வேண்டாம். கரண்ட் போய்ப் பல மணி நேரம் ஆகிவிட்டால், கேனிஸ்டர் ஃபில்டருக்குள் (தொட்டிக்கு வெளியே வைக்கிற மூடிய ஃபில்டர்) தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சையும் ஒரு தடவை அலசிய பிறகு ஆன் செய்யுங்கள்.