தொடாதேன்னு சொன்னா போதுமா? சியரா லியோன் எபோலா பத்தி ஒரு பேச்சு

எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசையில நர்ஸிங் படிக்கிற பிள்ளைங்க நிறைய உக்காந்திருக்கீங்க, அதனால ஆஸ்பத்திரி சமாச்சாரமும் கொஞ்சம் கலந்துதான் வரும், மத்தவங்க பொறுத்துக்கங்க. எபோலாங்கிறது உயிரக் குடிக்கிற ஒரு வைரஸ் நோய். அதோட பேரச் சொன்னாலே காடு, வௌவால், ரத்தம் கக்கி சாவுறதுன்னு பயமுறுத்துற வீடியோ நிறைய பாத்திருப்பீங்க, நான் அதுக்குள்ள போகல. 2014ல சியரா லியோன்ல அது சாவு வீட்டு வழியா எப்படி பரவுச்சு, அப்புறம் அதே சாவு வீட்டுல எப்படி அத மடக்கினாங்க, அவ்வளவுதான் இன்னிக்கு பேச்சு.

கினி, சியரா லியோன், லைபீரியா மூணு நாடும் ஒரு மூலையில ஒட்டிக்கிட்டு இருக்கு. அந்த மூலையில, கினி பக்கம் மெலியாண்டுன்னு ஒரு கிராமம், 2013 டிசம்பர்ல ஒரு சின்னக் குழந்தை செத்துப்போச்சு, அங்கருந்துதான் ஆரம்பம்னு பின்னாடி கண்டுபிடிச்சாங்க. எபோலான்னு உறுதியாக மார்ச் ஆயிடுச்சு. அதுக்குள்ள அது சும்மா இருக்குமா, பார்டர்ங்கிறது மேப்புலதான், சனங்களுக்கு சந்தையும் சம்பந்தமும் ரெண்டு பக்கமும் உண்டு.

சியரா லியோன்ல கைலாஹுன் மாவட்டத்துல ஒரு நாட்டு வைத்தியம் பாக்குற அம்மா இருந்தாங்க, கைராசிக்காரங்கன்னு பேரு, கினியில இருந்தெல்லாம் நோயாளிங்க தேடி வந்தாங்க, அதுலயே அவங்களுக்கும் ஒட்டிக்கிட்டு இறந்துட்டாங்க. பெரிய மனுஷி சாவு, கூட்டம் கேக்கணுமா. பொம்பளைங்க சேர்ந்து உடம்ப குளிப்பாட்டினாங்க, தொட்டு அழுதாங்க, ஊருக்குத் திரும்பினாங்க. அந்த ஒரு இழவோட 365 சாவு வரைக்கும் தொடர்பு இருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் பின்னாடி சொல்லுச்சு.

ஏன்னா இது காத்துல பரவுற நோய் இல்ல. ரத்தம், வாந்தி, பேதி, இதெல்லாம் பட்டாத்தான் வரும், அறிகுறி வராத ஆளு பரப்பவும் மாட்டாரு. நோய் முத்த முத்த வைரஸ் ஏறும், உயிர் போற நேரத்துல உடம்பு பூரா வைரஸ்தான். அப்ப யாருக்கு வரும்? பக்கத்துல இருந்து பீ மூத்திரம் அள்ளின அம்மாவுக்கு, கடைசியா குளிப்பாட்டின அக்காவுக்கு, அப்புறம் நர்ஸுக்கு.

அதே சியரா லியோன்ல கெனிமாங்கிற ஊர்ல, அரசு ஆஸ்பத்திரியில லாஸா காய்ச்சலுக்குன்னு, எலி மூலமா வர்ற ஒரு வைரஸ் காய்ச்சல் அது, ஒரு வார்டு இருந்துச்சு, அதோட டாக்டர் ஷேக் உமர் கான், வயசு 39. முன்னாடி அங்க இருந்த டாக்டர் கான்டே 2004ல அதே லாஸாவுலதான் போனாரு, அது தெரிஞ்சே வந்து உக்காந்தவரு. ஒரு லட்சம் சனத்துக்கு ரெண்டு டாக்டர்ங்கிற நாடு அது. எபோலா நோயாளிங்களும் அங்கதான் வந்தாங்க, நர்ஸுங்க ஒவ்வொருத்தரா விழுந்தாங்க, ஜூலை 29ம் தேதி அவரும் போயிட்டாரு. அவர் நோயாளியா படுத்திருந்த சிகிச்சை முகாம்லயே இசட்மேப்னு ஒரு சோதனை மருந்து இருந்துச்சு, கொடுக்கலாமா வேண்டாமான்னு டாக்டருங்க பேசிப் பேசி, கொடுக்கலைன்னு முடிவு பண்ணிட்டாங்க. பின்னாடி லைபீரியாவுல நோய் வந்த ரெண்டு அமெரிக்கர்களுக்கு அந்த மருந்து போச்சு, ரெண்டு பேரும் பிழைச்சாங்க. மருந்தாலதான் பிழைச்சாங்களான்னு யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது, ஆனா கெனிமாகாரங்களுக்கு அது ஆறாத கோவம், அதுல நியாயம் இருக்குன்னுதான் நான் சொல்லுவேன்.

பிள்ளைங்களா, ஒண்ணு கவனிங்க, எபோலா வார்டுக்குள்ள போக உடம்பு பூரா மூடிப் போடுற பாதுகாப்பு உடுப்ப மாட்டுறத விட கழட்டுறதுதான் ஆபத்து. அந்த வெயில்ல உள்ள ஒரு மணி நேரம் நிக்கிறதே பெரும்பாடு, கண்ணாடி மூடிக்கும், வேர்வை பூட்ஸுக்குள்ள தேங்கும். அந்த களைப்புல, மூக்கு அரிக்குதுன்னு கை தன்னால மேல போகும். அதனால எதிர்ல ஒருத்தர் நின்னு, இப்ப கையக் கழுவு, இப்ப ஏப்ரன், இப்ப கண்ணாடின்னு ஒவ்வொண்ணா சொல்லுவாங்க, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல குளோரின் தண்ணி.

சரி, இழவுக்கு வருவோம். எந்த சாவா இருந்தாலும் 117ங்கிற நம்பருக்கு போன் பண்ணு, நாங்களே அடக்கம் பண்ணுவோம்னு அரசாங்கம் சொல்லியாச்சு. போன் பண்ணினா ஆள் வர சில சமயம் நாள் கணக்காகும், வந்தா முகம் தெரியாத உடுப்புல நாலு பேரு, மருந்தடிச்சு, பைக்குள்ள போட்டு தூக்கிட்டு போயிடுவாங்க, தொழுகையும் இல்ல ஜெபமும் இல்ல, சில பேருக்கு எந்தக் குழின்னே தெரியாது. இப்படி இருந்தா எவன் போன் பண்ணுவான்? ராத்திரியோட ராத்திரியா வீட்டுக்காரங்களே புதைச்சாங்க. அவங்கள படிக்காத சனம்னு திட்டுறது சுலபம்ங்க, உங்க அப்பாவ அப்படி கொண்டு போக விடுவீங்களா?

வருஷக் கடைசியிலதான் புத்தி வந்து, இமாம்களையும் பாதிரியார்களையும் கூட உக்கார வெச்சு புது விதிமுறை எழுதினாங்க. அங்க முக்கால்வாசி பேரு முஸ்லிம். தண்ணிவிட்டு குளிப்பாட்ட முடியாது, அதுக்குப் பதிலா தயம்மும், அதாவது தண்ணி இல்லாம மண்ண வெச்சு செய்யுற சுத்தம். பை மேலயே, இறந்தவங்களுக்குப் போர்த்துற வெள்ளை கபன் துணி. குடும்பத்து ஆளு தள்ளி நின்னு பாக்கலாம், குழி வெட்டலாம், இறந்தவங்களுக்கான ஜனாஸா தொழுகை தொழலாம், கிறிஸ்தவங்கன்னா பைபிள் வாசிக்கலாம், குழிமேல பேரு எழுதி வைக்கலாம். உடம்ப மட்டும் தொடக்கூடாது. அதுக்கப்புறம் சாவ மறைக்கிறது குறைஞ்சுச்சு.

இதச் செஞ்சது பெரும்பாலும் உள்ளூர் இளவட்டங்க. சொந்த வீட்டுலயே சில பேர சேத்துக்கல, நோய கொண்டு வந்துருவான்னு. 2014 நவம்பர்ல கெனிமாவுல படிக்காசு வரலைன்னு அடக்கம் பண்ற டீம் ஒண்ணு, பிணங்கள ஆஸ்பத்திரி வாசல்ல போட்டுட்டு ஸ்ட்ரைக் பண்ணுச்சு. அவங்கள வேலைய விட்டே தூக்கிட்டாங்க. செஞ்சது சரின்னு சொல்ல மாட்டேன், ஆனா காச நிறுத்தி வெச்ச ஆபீசர ஏன் அந்த வேகத்துல தூக்கலைன்னு கேக்கணும்ல.

சியரா லியோன்ல மட்டும் 14,000 பேருக்கு மேல நோய், 3,956 சாவு. 2015 நவம்பர் 7ம் தேதி எபோலா ஒழிஞ்சுதுன்னு அறிவிச்சு தெருவெல்லாம் ஆட்டம் பாட்டம். 2016 ஜனவரியில டொங்கோலிலி மாவட்டத்துல ஒரு காலேஜ் பொண்ணு காய்ச்சலோட ஆஸ்பத்திரிக்கு போச்சு, புற நோயாளியா பாத்து அனுப்பிட்டாங்க, வீட்டுல இறந்துச்சு, பழைய வழக்கப்படியே குளிப்பாட்டி அடக்கம் பண்ணிட்டாங்க. எடுத்திருந்த சாம்பிள்ல எபோலா. மேற்கு ஆப்பிரிக்கா பூரா முடிஞ்சுதுன்னு உலக சுகாதார நிறுவனம் ஜெனீவாவுல சொன்ன மறுநாள் அந்த ரிசல்ட் வெளிய வந்துச்சு. பாத்துக்கிட்ட உறவுக்கார அம்மாவுக்கும் ஒட்டிக்கிச்சு, அவங்க பிழைச்சுட்டாங்க. பழகினவங்க எல்லாரையும் தேடிப்பிடிச்சு, கினியில சோதிச்சிருந்த தடுப்பூசியப் போட்டாங்க. அந்த ரெண்டு பேரோட அங்க நின்னுச்சு. கேள்வி இருந்தா கேளுங்க, மைக் அந்தப் பக்கம் வருது.