கேட்காத ஆஃப்பாயில்

வணக்கம். செயலி வடிவமைப்பில் புழங்கும் சில வார்த்தைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வரிசையாக அர்த்தம் சொன்னால் ரேடியோவை அணைத்துவிடுவீர்கள், அதனால் பரோட்டாக் கடையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மதுரை அண்ணா நகரில் ராத்திரி வேலை முடிந்து நாங்கள் சாப்பிடும் கடையில் ஓர் அண்ணன், நாலு மேசைக்கும் ஒரே ஆள், கையில் சீட்டு கிடையாது. எனக்கு ரெண்டு பன் பரோட்டா, பக்கத்து மேசைக்குக் கறி தோசை, வெங்காயம் போடாத ஆம்லெட் என்று எல்லாவற்றையும் மனதிலேயே வைத்திருந்து கல்லாவைப் பார்த்துத் தொகையைச் சொல்லுவார். ஒருநாள் காசு கொடுத்துவிட்டு, "அண்ணே, நான் என்ன சாப்பிட்டேன்?" என்றேன். முழித்தார்.

இதற்கு ஸைகார்னிக் விளைவு என்று பெயர். ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927இல் எழுதியது: முடியாத வேலை மனதில் நிற்கும், முடிந்தது நழுவிவிடும். பின்னால் வந்த சோதனைகளில் எப்போதும் அப்படி வரவில்லை, ஆனாலும் செயலி வடிவமைக்கும் எங்கள் ஆட்கள் அதை விடவில்லை. "உங்கள் விவரம் 70 சதவீதம் நிறைந்தது" என்று ஒரு பச்சைக் கோடு பாதியில் நிற்கிறதே, அது இதுதான்.

அப்புறம் கன்வர்ஷன். நூறு பேர் வந்து நாலு பேர் வாங்கினால் 4 சதவீதம். வாங்கியவர் திரும்ப வந்தால் ரிட்டென்ஷன், வராமல் போனால் சர்ன். சரி, கணக்கு அவ்வளவுதான்.

வில்லங்கம் டார்க் பேட்டர்னில். ஹாரி பிரிக்னல் 2010இல் வைத்த பெயர். ஆளை ஏமாற்றவே செய்த வடிவமைப்பு. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதில் 13 வகைகளைத் தடை செய்தது. கேட்காததைக் கூடையில் சேர்ப்பதும் அதில் ஒன்று.

அதை நானே செய்திருக்கிறேன். ஒரு வாடிக்கையாளருக்காக, டிக்கெட்டோடு காப்பீட்டுக்கும் முன்கூட்டியே டிக் போட்டு வைத்தோம். காப்பீட்டு விற்பனைக் கோடு மேலே ஏறியது, கேக் வெட்டினோம். அடுத்த வாரம் கஸ்டமர் கேரில் உட்கார்ந்திருந்த தங்கச்சி போனை என் காதில் வைத்தாள். ஒரு பெரியவர், "நான் கேக்காததுக்கு எதுக்குய்யா காசு?" என்றார். அந்த அழைப்பு எந்தக் கோட்டிலும் இல்லை. அன்று ராத்திரி அந்த அண்ணன் தொகையைச் சொன்னபோது, கேட்காத ஒரு ஆஃப்பாயிலை இவர் சேர்த்துச் சொன்னால் நாளைக்கு இங்கே வருவேனா என்று தோன்றியது. மறுநாள் காலையில் அந்த டிக்கை எடுத்தேன்; கோடு இறங்கியது, முதலாளி கூப்பிட்டார்.