திருச்சி புதிய முனையமும் முதல்முறை பறப்பவரும்

நேயர்களுக்கு வணக்கம்.

திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பலர் அங்கே போயிருப்பீர்கள். விமானம் ஏறப் போகாவிட்டாலும், யாரையாவது வழியனுப்பவாவது போயிருப்பீர்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர், பெரம்பலூர், திருவாரூர்ப் பக்கம் சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ வளைகுடாவுக்கோ ஒருவரையாவது அனுப்பாத தெரு கிடையாது. நடுராத்திரியில் வேன் பிடித்து, குடும்பத்தோடு போய், பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நிற்கிற அந்த அரைமணி நேரத்தை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை.

இந்தப் புதிய முனையத்தைப் பிரதமர் திறந்து வைத்தது 2024 ஜனவரி 2 அன்று. விமானங்கள் இங்கிருந்து இயங்கத் தொடங்கியது அதே ஆண்டு ஜூன் 11 அன்று. செலவு 1,100 கோடி ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு 44 லட்சம் பேருக்கு மேல் வந்துபோகலாம், நெரிசலான ஒரு மணி நேரத்தில் மட்டும் சுமார் 3,500 பேரைச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். 2009இல் திறந்த பழைய முனையத்தில் இரண்டு மூன்று விமானங்கள் சேர்ந்தாற்போல் வந்துவிட்டால் எப்படி இருக்கும் என்பது அதில் வந்திறங்கியவர்களுக்குத் தெரியும். அதனால் இந்த இடவசதியே பெரிய நிம்மதி.

நான் எந்த ஊர் விமான நிலையத்துக்குப் போனாலும் சீக்கிரமாகவே போய்விடுவேன். சுற்றிப் பார்ப்பதற்காகத்தான். இங்கேயும் அப்படித்தான் போனேன். புறப்பாடு மேல்தளத்தில், வருகை கீழ்த்தளத்தில். மேலே போய் இறங்கியதும் எதிரே கோபுரச் சாயலில் முகப்பு. பச்சை, நீலம், காவி, மஞ்சள் என்று ஸ்ரீரங்கத்துக் கோபுர வண்ணங்களை எடுத்துப் பூசியிருக்கிறார்கள். 236 அடி ராஜகோபுரத்தை 1987இல் கட்டி முடித்த ஊர் இது. அதன் விமான நிலையத்தில் அந்த வண்ணம் இருப்பதுதான் பொருத்தம். உள்ளே கோலங்கள், சுவரோவியங்கள். கண்ணாடியும் இரும்புமாக உலகம் முழுக்க ஒரே அச்சில் கட்டடங்கள் எழும்புகிற காலத்தில், இறங்கியதும் இது எந்த ஊர் என்று சொல்லுகிற கட்டடம் எனக்குப் பிடித்திருக்கிறது. மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் விமான நிலையத்தில் நான் முதலில் பார்ப்பது வேறு. முதல்முறையாகப் பறக்க வந்த ஒருவர், அடுத்து எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்ள முடிகிறதா? கேட்க வேண்டியிருந்தால், கேட்பதற்கு ஆள் இருக்கிறாரா? ரொம்ப நாளாக என் மனதில் ஓடுகிற விஷயம் இதுதான்.

ஏன் சொல்கிறேன் என்றால், வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் பாதுகாப்புப் படைவீரர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். வேனில் வந்த குடும்பம் அந்த வாசலோடு நின்றுவிடும். இருபத்திரண்டு வயதுப் பையனோ அறுபது வயது அம்மாவோ, அதற்கப்புறம் தனி ஆள்தான். ரயில் நிலையம் என்றால் பெட்டி வரைக்கும் கூடப் போய், ஜன்னல் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கலாம். இங்கே அது கிடையாது.

உள்ளே நடப்பதென்ன? நான்கு கட்டம். முதலில் விமான நிறுவனத்தின் கவுன்ட்டர். பெட்டியைப் போட்டு, விமானம் ஏறுவதற்கான சீட்டான போர்டிங் பாஸ் வாங்குவது. இரண்டாவது இமிகிரேஷன், அதாவது அரசு அதிகாரிகள் பாஸ்போர்ட்டைப் பார்க்கும் குடியேற்றச் சோதனை. மூன்றாவது, பையையும் உடம்பையும் சோதிக்கும் பாதுகாப்புச் சோதனை. நான்காவது, விமானம் ஏறும் கேட். மறுபடியும் சொல்கிறேன், முதல்முறை போகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கவுன்ட்டர், இமிகிரேஷன், சோதனை, கேட். இந்த வரிசை தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

இந்த இமிகிரேஷனில் முன்பு ஓர் அட்டை இருந்தது. வெளிநாடு போகிற ஒவ்வோர் இந்தியரும் புறப்பாட்டு அட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். 2017 ஜூலை 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் பயணம் போனவர்களுக்கு நினைவிருக்கும். பேர், பாஸ்போர்ட் எண், விமான எண், தொழில், பயண நோக்கம் எல்லாம் எழுத வேண்டும். சட்டைப்பையில் பேனா தெரிந்தால் போதும், "அண்ணே, இதக் கொஞ்சம் எழுதிக் குடுங்கண்ணே" என்று நான்கு பேர் வந்துவிடுவார்கள். நான் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பேன்.

ஒரு முறை மகளுக்குப் பேறுகாலம் பார்க்கச் சிங்கப்பூர் புறப்பட்ட ஓர் அம்மா அட்டையை நீட்டினார். மடியில் மஞ்சள் பை. அதில் பாஸ்போர்ட், டிக்கெட்டின் அச்சுப் படி, மகள் வீட்டு முகவரி எழுதிய துண்டுச்சீட்டு. எல்லாம் எழுதி, பயண நோக்கம் என்ற கட்டத்துக்கு வந்தேன். "உறவினரைப் பார்க்க"ன்னு போட்டுவிடலாமா அம்மா என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, நான் சும்மா பாக்கப் போகல. புள்ளையத் தூக்கிக் குளிப்பாட்ட ஆளில்லன்னு போறேன். உள்ளத எழுதுங்க" என்றார். கட்டமோ விரற்கடை அளவு. அதில் இதையெல்லாம் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? மகள் பிரசவத்துக்கு உதவ என்கிற பொருளில் பொடி எழுத்தில் நுணுக்கி எழுதி, என்ன எழுதியிருக்கிறேன் என்று படித்துத் தமிழில் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டார். எழுத்துக்கூட்டி, ஒவ்வோர் எழுத்தாக, அழுத்தமாக. வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அந்த அம்மா கேட்டது நியாயம்தானே? தன் பெயரில் ஒரு தாள் அரசாங்கத்துக்குப் போகிறது. அதில் உண்மை இருக்க வேண்டும், அதில் என்ன இருக்கிறதென்று தனக்குத் தெரிய வேண்டும்.

சரி, அட்டைதான் போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தக் கதை என்று கேட்பீர்கள். புறப்படுகிற இடத்தில் போய்விட்டது, உண்மை. போய்ச் சேருகிற நாட்டுக்கான அட்டை போகவில்லை; செல்போனுக்குள் போய்விட்டது. சிங்கப்பூர் 2020இலிருந்து வருகை அட்டையை இணையத்தில் நிரப்பச் சொல்கிறது. மலேசியாவும் 2024இலிருந்து அப்படித்தான். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். காசு கிடையாது. இதை இன்னொரு தடவை சொல்கிறேன், இரண்டு அட்டைக்கும் காசு கிடையாது. அந்தந்த நாட்டுக் குடியேற்றத் துறையின் தளத்தில் இலவசமாகவே நிரப்பலாம். கட்டணம் கேட்கிற தளம் ஏதாவது வந்தால் அது அரசின் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

புதிய முனையத்தில், கவுன்ட்டருக்கு முன்னால் ஒரு தூண் ஓரத்தில், ஓர் இளைஞர் தரையில் உட்கார்ந்து மூன்று பேருக்கு இதைத்தான் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்று பாஸ்போர்ட்டும் அவர் முழங்காலில் விரித்து வைத்திருந்தது. அவரும் பயணிதான், அந்த மூன்று பேரும் அவருக்கு யாரோ. முன்பு பேனா வைத்திருந்தவரைத் தேடினார்கள். இப்போது செல்போன் தெரிந்தவரைத் தேடுகிறார்கள். தேவை அப்படியே இருக்கிறது.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். நன்றாக நடக்கிற அம்மாவுக்கும் பிள்ளைகள் வீல்சேர் கேட்டு டிக்கெட் போடுகிறார்கள். கால் வலிக்காக இல்லை. தள்ளிக்கொண்டு போகிறவர் கவுன்ட்டரிலிருந்து கேட் வரைக்கும் கூடவே இருப்பார், பேசுவதற்கு ஓர் ஆள் கிடைக்கும் என்பதற்காக. அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு அவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஆனால் உண்மையிலேயே நடக்க முடியாதவருக்கு வேண்டிய நாற்காலி அது. வழி சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக நாற்காலி கேட்கிற நிலை இருக்கக் கூடாது. உள்ளே நுழைந்ததும் ஒரு மேசை, தமிழில் பேசுகிற இரண்டு பேர், அட்டை நிரப்பிக் கொடுக்க ஒரு கணினி, இமிகிரேஷன் வரைக்கும் கூட வர ஓர் ஆள். எந்த ஊரில் புது முனையம் கட்டினாலும் இது முதல் நாளே இருக்க வேண்டும் என்பேன். 1,100 கோடியில் இதற்கு ஆகும் செலவு கண்ணுக்கே தெரியாத அளவுதான்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா போன்ற இடங்களுக்கு வேலைக்குப் போக அந்த அனுமதியை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. விமான நிலையத்துக்கு வந்து இதைச் சரிசெய்ய முடியாது. வேனிலிருந்து இறங்கி உள்ளே போனவர் அப்படியே திரும்பி வர நேரிடும். ஊரில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

வருகைப் பகுதியைப் பற்றியும் விரிவாகப் பேச வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறங்கியதும் முதலில் இமிகிரேஷன், அப்புறம் பெட்டி, கடைசியில் சுங்கம். சுங்கத்தில் இரண்டு வழி: கணக்குக் காட்ட வேண்டிய பொருள் இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. நகை கொண்டு வருகிறவர்கள் எவ்வளவுக்குத் தீர்வை இல்லை என்பதைக் கிளம்புவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அப்புறம், இரண்டு மூன்று வருடம் கழித்து ஊருக்கு வருகிறவர்களுக்கு: பல வெளியூர்ப் பேருந்துகள் 2025இலிருந்து பஞ்சப்பூர் பேருந்து முனையத்திலிருந்து புறப்படுகின்றன. பழைய நினைப்பில் நேரே மத்தியப் பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ பிடிக்காமல், உங்கள் ஊர் வண்டி எங்கே நிற்கிறது என்று வெளியே வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள்.

வணக்கம்.