நம்ம ஆளா, ஜெயிக்கிற ஆளா? டெலவேர் 2010

[திரையில்: அமெரிக்க வரைபடம். கிழக்குக் கரையோரம் டெலவேர் மட்டும் நிறம் மாறுகிறது.]

வணக்கம். 2010 செப்டம்பர் 14, செவ்வாய்க்கிழமை இரவு. டெலவேர் என்ற குட்டி மாநிலத்தில், அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளர் யார் என்று முடிவுசெய்யும் பிரைமரி ஓட்டுகளை எண்ணி முடித்தார்கள். கிறிஸ்டீன் ஓடானல் 30,561. மைக் கேசில் 27,021. வித்தியாசம் 3,540 ஓட்டு. மூன்று கல்யாண மண்டபங்களில் அடங்கிவிடும் கூட்டம் அது.

அந்த மூன்று மண்டபக் கூட்டம் ஒரு செனட் இடத்தையே எதிர்க்கட்சியிடம் கொடுத்துவிட்டது என்பது என் கருத்து. ஆனால் அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அவர்கள் கோபத்துக்குப் பின்னால் ஒரு உண்மையான காயம் இருந்தது. அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கதை புரியும்.

முதலில் பிரைமரி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வேட்பாளருக்குக் கட்சித் தலைமை சீட்டு கொடுப்பதில்லை. வாக்காளர்களே ஓட்டுப் போட்டுத் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதுதான் பிரைமரி. டெலவேரில் இது மூடிய பிரைமரி. அந்தந்தக் கட்சியில் பெயர் பதிந்தவர்கள் மட்டுமே அதில் ஓட்டுப் போடலாம். எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். அவர்கள் வாக்கு நவம்பரில்தான் பேசும்.

[திரையில்: மைக் கேசில், பழைய புகைப்படம்.]

கேசில் யார்? இரண்டு முறை ஆளுநர். அப்புறம் 1993 முதல் பிரதிநிதிகள் சபையில் டெலவேரின் ஒரே உறுப்பினர். ஜனநாயகக் கட்சி பலமாக இருந்த மாநிலத்தில், மாநிலம் முழுக்க ஓட்டு வாங்கித் தேர்தலுக்குத் தேர்தல் ஜெயித்துக்கொண்டே வந்தவர். ஜோ பைடன் துணை அதிபரானதால் காலியான செனட் இடம் இது. பைடனின் மகன் போ பைடன் போட்டியில் இறங்கவில்லை. கருத்துக்கணிப்புகளில் கேசில் முன்னால் இருந்தார். குடியரசுக் கட்சிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஒரு வாய்ப்பு.

அப்படியானால் சொந்தக் கட்சிக்காரர்களுக்கு அவர்மேல் என்ன கோபம்? கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தார், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரித்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, 2009 ஜூனில் கார்பன் உமிழ்வுக்கு உச்சவரம்பு வைக்கும் மசோதா சபையில் 219-க்கு 212 என்று தப்பிப் பிழைத்தது. அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட குடியரசுக் கட்சியினர் எட்டே பேர். அவர்களில் கேசிலும் ஒருவர். அந்த எட்டுப் பேரும் மாற்றிப் போட்டிருந்தால் மசோதா அங்கேயே விழுந்திருக்கும். ஒரு பழமைவாதிக்கு இது சின்ன விஷயமில்லை. அதே கேசில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டார். அது யார் காதிலும் ஏறவில்லை.

[திரையில்: 1967. வில்லியம் பக்லி.]

இந்த இடத்தில் ஒரு பழைய விதியைச் சொல்ல வேண்டும். நவீன அமெரிக்கப் பழமைவாதத்துக்கு மேடை அமைத்துக் கொடுத்த பத்திரிகையாளர் வில்லியம் பக்லி. அடுத்த ஆண்டு அதிபர் தேர்தலில் யாரை ஆதரிப்பீர்கள் என்று 1967-ல் கேட்டபோது அவர் சொன்னதன் சாரம் இது: ஜெயிக்கக் கூடியவர்களில் யார் அதிகம் வலதுபக்கம் நிற்கிறாரோ, அவர்தான் என் வேட்பாளர். இன்றைக்கும் பிரைமரி சண்டை வரும்போதெல்லாம் பக்லி விதி என்று இதை எடுத்துக் காட்டுவார்கள்.

கேட்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விதியைச் சொன்ன பக்லியே, அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1965-ல், நியூயார்க் மேயர் தேர்தலில் நின்றார். ஜெயிக்க வழியே இல்லை. குடியரசுக் கட்சி நிறுத்திய ஜான் லிண்ட்சே மிதமிஞ்சிய தாராளவாதி என்று காட்டத்தான் நின்றார். சுமார் 13 சதவீத ஓட்டு வாங்கினார், லிண்ட்சே ஜெயித்தார். ஆக, எப்போது வெற்றியைப் பார்ப்பது, எப்போது கொள்கையைப் பார்ப்பது என்பது அவருக்கே இடத்துக்கு இடம் மாறியது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. விதி இருந்தாலும் ஆளையும் இடத்தையும் எடைபோடும் வேலை நம்மைவிட்டுப் போகாது என்பதற்காகச் சொல்கிறேன்.

[திரையில்: பென்சில்வேனியா. ஆர்லென் ஸ்பெக்டர், பாட் டூமி.]

சரி, அந்தக் காயம் என்று சொன்னேனே, அதற்கு வருவோம். பக்கத்து மாநிலம் பென்சில்வேனியா. 2004 பிரைமரியில் மிதவாத செனட்டர் ஆர்லென் ஸ்பெக்டரை எதிர்த்து பாட் டூமி என்ற பழமைவாதி நின்றார். அதிபர் ஜார்ஜ் புஷ் உட்பட மொத்தக் கட்சித் தலைமையும் ஸ்பெக்டர் பக்கம். ஸ்பெக்டரால்தான் நவம்பரில் ஜெயிக்க முடியும் என்பது அவர்கள் வாதம். மயிரிழையில் ஸ்பெக்டர் தப்பித்தார். நவம்பரிலும் ஜெயித்தார்.

அப்புறம் என்ன ஆனது? 2009 ஏப்ரலில், டூமி மறுபடி எதிர்க்க வருகிறார் என்றதும், ஸ்பெக்டர் ஜனநாயகக் கட்சிக்குத் தாவினார். குடியரசுக் கட்சிப் பிரைமரியில் தன்னால் தேற முடியாது என்பதை அவர் மறைக்கவும் இல்லை. அந்த ஆண்டு டிசம்பர் 24 காலையில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதா செனட்டில் 60-க்கு 39 என்று நிறைவேறியது. விவாதத்தை முடித்து வைக்க 60 பேர் தேவை. அந்த 60-ல் ஸ்பெக்டரும் ஒருவர்.

ஐந்து ஆண்டுக்கு முன்னால், "இவர் நமக்குப் பிடிக்காவிட்டாலும் ஜெயிப்பார், ஓட்டுப் போடுங்கள்" என்று கேட்டு வாங்கிய தலைமை இப்போது என்ன பதில் சொல்லும்? தெற்கு கரோலைனா செனட்டர் ஜிம் டிமின்ட், கொள்கையில்லாத 60 பேரைவிடக் கொள்கை உள்ள 30 பேர் போதும் என்ற பொருளில் பேசியது இந்தச் சூழலில்தான். இதே கதையைத் திருப்பியும் படிக்கலாம்: டூமி துரத்தாமல் இருந்திருந்தால் ஸ்பெக்டர் தாவியிருக்கவே மாட்டார். இரண்டு வாசிப்பிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஏமாந்தவருக்கு முதல் வாசிப்புதான் கண்ணில் படும்.

[திரையில்: டெலவேரின் மூன்று கவுண்டிகள்.]

டெலவேருக்குத் திரும்புவோம். இந்த வரைபடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மாநிலத்தில் மூன்றே கவுண்டிகள், நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. வடக்கே வில்மிங்டன் நகரம் இருக்கும் நியூ காசில். மாநில மக்களில் சுமார் 60 சதவீதம் பேர் இங்கேதான். தெற்கே கென்ட், சசெக்ஸ். ஊர்ப்புறம், பழமைவாதம் வேரோடிய பகுதி. பிரைமரியில் கேசில் வடக்கில் ஜெயித்தார், ஓடானல் தெற்கின் இரண்டு கவுண்டிகளையும் அள்ளினார்.

பிரைமரியில் தெற்கின் கை ஓங்கியது. நவம்பரில் வடக்குதான் தீர்மானிக்கும். நியூ காசிலில் கணிசமான ஓட்டு வாங்காமல் எந்தக் குடியரசுக் கட்சிக்காரரும் டெலவேரைப் பிடிக்க முடியாது. எதிரில் நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கிறிஸ் கூன்ஸ் அந்த நியூ காசிலின் நிர்வாகத் தலைவர். கேசில் பத்து முறைக்கு மேல் தாண்டிக் காட்டிய வேலி இது.

தலைமை செய்த தவறையும் சொல்ல வேண்டும். ஓடானலால் நாய் பிடிக்கும் பதவிக்குக்கூட ஜெயிக்க முடியாது என்று மாநிலக் கட்சித் தலைவரே பகிரங்கமாகப் பேசினார். அவர் கணிப்பு சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் நம்மை மதிப்பதில்லை என்று ஏற்கெனவே குமுறிக்கொண்டிருந்தவர்களிடம் இப்படிப் பேசினால் என்ன ஆகும்? டீ பார்ட்டி எக்ஸ்பிரஸ் என்ற பழமைவாதத் தொண்டர் இயக்கக் குழு விளம்பரத்துக்குப் பணம் இறக்கியது. கடைசி நாட்களில், 2008-ல் துணை அதிபர் வேட்பாளராக நின்ற சாரா பேலினும் டிமின்டும் ஓடானலை ஆதரித்தார்கள். அவமானப்பட்டவர்கள் வரிசையில் வந்து நின்றார்கள்.

அடுத்த ஏழு வாரம் என்ன நடந்தது என்பது பலருக்கும் நினைவிருக்கும். இளவயதில் சூனியத்தில் கொஞ்சம் ஈடுபட்டதாக 1999-ல் ஒரு டிவி நிகழ்ச்சியில் ஓடானல் சொன்ன காட்சி வெளியே வந்தது. "நான் சூனியக்காரி இல்லை" என்று தொடங்கும் விளம்பரம் எடுக்க வேண்டியதாயிற்று. வரி, கடன், வேலை என்று பேச வேண்டிய ஆண்டில் அந்த வேட்பாளரின் நேரமெல்லாம் இதில் போனது. நவம்பர் 2 அன்று கூன்ஸ் சுமார் 57 சதவீதம், ஓடானல் 40.

[திரையில்: அதே ஆண்டு, பென்சில்வேனியாவும் புளோரிடாவும்.]

இந்தக் கதையை வைத்து "மிதவாதியை நிறுத்தினால் ஜெயிக்கலாம்" என்று பாடம் எடுத்தவர்கள் நிறைய. நான் அதோடு உடன்படவில்லை. அதே 2010-ல், ஒபாமா இரண்டு ஆண்டுக்கு முன் சுலபமாக ஜெயித்திருந்த பென்சில்வேனியாவில், அந்தப் பழைய பாட் டூமி செனட்டர் ஆனார். கேசிலைவிட எவ்வளவோ வலதுபக்கம் நிற்பவர்தான். ஆனால் மூன்று முறை சபையில் இருந்தவர். பொருளாதாரத்தைத் தவிர வேறு பேச்சுக்குப் போகாமல் பிரசாரம் செய்தார்.

புளோரிடாவில் தேசியக் கட்சித் தலைமை 2009-லேயே ஆளுநர் சார்லி கிறிஸ்டுக்கு ஆதரவு என்று அறிவித்துவிட்டது. மார்கோ ரூபியோ என்ற இளைஞர் எதிர்த்து வந்தார். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் கிறிஸ்ட் கட்சியைவிட்டு வெளியேறிச் சுயேச்சையாக நின்றார். மூவர் போட்டியில் ரூபியோ 49 சதவீதம், கிறிஸ்ட் 30. பிறகு கிறிஸ்ட் ஜனநாயகக் கட்சியிலேயே சேர்ந்தார். அங்கே அடிமட்டத் தொண்டர்களின் மூக்கு தலைமையின் கணக்கைவிடச் சரியாக மோப்பம் பிடித்தது.

தலைமை, மிதவாதி என்றாலே ஜெயிப்பார் என்று நினைக்கிறது. தொண்டர்கள், உரக்கப் பேசினாலே உறுதியானவர் என்று நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே வகைத் தவறு. ஒருவர் எவ்வளவு வலதுபக்கம் என்பது ஒரு கேள்வி. ஏழு வாரம் கேமரா முன்னால் தடுமாறாமல் நிற்பாரா, அந்த மாநிலத்து நடுநிலை வாக்காளர் வீட்டுக் கதவைத் தட்டினால் கதவு திறக்குமா என்பது வேறு கேள்வி. யூட்டாவில் 2010-ல் செனட்டர் பாப் பென்னட்டை ஓரங்கட்டி மைக் லீயை நிறுத்தியதில் கட்சிக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அது அவர்கள் கோட்டை. கோட்டைக்குள் கொள்கையைத் தாராளமாகப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். டெலவேர் கோட்டை இல்லை.

இண்டியானா போன்ற சாதகமான மாநிலத்தில்கூட இது கைமீறியது. 36 ஆண்டு செனட்டர் ரிச்சர்ட் லூகரை 2012 பிரைமரியில் ரிச்சர்ட் மர்டாக் பெரிய வித்தியாசத்தில் தோற்கடித்தார். அக்டோபர் விவாதத்தில் பாலியல் வன்முறையால் வரும் கருவைப் பற்றி மர்டாக் சொன்ன ஒரு வாக்கியம் அவரைச் சாய்த்தது. அதே தேர்தலில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மிட் ராம்னி எளிதாக ஜெயித்த மாநிலத்தில் அந்த செனட் இடம் ஜனநாயகக் கட்சிக்குப் போனது.

தோற்றாலும் பரவாயில்லை, 1964 அதிபர் தேர்தலில் பழமைவாதி பாரி கோல்ட்வாட்டர் ஆறு மாநிலங்கள் மட்டும் வாங்கித் தோற்றதால்தான் 1980-ல் ரீகன் அதிபராக வந்தார் என்று ஒரு வாதம் உண்டு. அதை மதிக்கிறேன். ஆனால் கோல்ட்வாட்டர் தோற்றபோது ஒரு இயக்கத்தையும் ஒரு தலைமுறைத் தொண்டர்களையும் விட்டுப்போனார். டெலவேர் தோல்வி அப்படி எதை விட்டுப்போனது என்று நானும் தேடிப் பார்த்தேன்.

[திரையில்: சபையின் வரைபடம். எங்கும் குடியரசுக் கட்சியின் சிவப்பு பரவுகிறது. டெலவேர் ஜனநாயகக் கட்சியின் நீலமாகிறது.]

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. செனட்டுக்குப் போட்டியிட கேசில் தன் சபை இடத்தைக் கைவிட வேண்டியிருந்தது. 2010-ல் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்கள் கூடுதலாகப் பிடித்தது. அந்த அலையிலும் ஜனநாயகக் கட்சி எதிரணியிடமிருந்து பறித்த இடங்கள் மூன்றே. அவற்றில் ஒன்று டெலவேரில் கேசில் விட்டுப்போன நாற்காலி. ஜான் கார்னி அதில் உட்கார்ந்தார், பிறகு ஆளுநரும் ஆனார். கூன்ஸ் 2014-லும் 2020-லும் மறுபடி ஜெயித்தார். 2024 தேர்தல் வரை அந்த இரண்டு இடங்களில் ஒன்றைக்கூடக் குடியரசுக் கட்சியால் திரும்பப் பிடிக்க முடியவில்லை.