பருத்திக்காட்டு மேஸ்திரி காங்கிரஸுக்குப் போன கதை

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு தலிப் சிங் சவுந்த்ங்கறவரப் பத்தி பேசப்போறேன். 1899-ல அமிர்தசரஸ் பக்கம் ஒரு கிராமத்துல பொறந்து, அமெரிக்க காங்கிரஸுக்கு, அதாவது அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கு, ஓட்டுப்போடற உரிமையுள்ள உறுப்பினரா போன மொத ஆசியக்காரர்.

1920-ல அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினது அரசியலுக்காக இல்லைங்க, பழத்த டப்பால அடைச்சு கெடாம வெக்கிற தொழில் படிக்க, அங்க கலிபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனதும் கணக்குப் பக்கம் மனசு போயி 1924-ல டாக்டர் பட்டமே வாங்கிட்டார். ஆனா அதுக்கு முந்தின வருஷந்தான் அங்க சுப்ரீம் கோர்ட்டு, இந்தியாக்காரங்க வெள்ளைக்காரங்க இல்ல, அதனால குடியுரிமை கெடையாதுன்னு தீர்ப்பு சொல்லியிருந்துச்சு. குடியுரிமைக்கு வழியில்லாதவங்க கலிபோர்னியாவுல நெலமும் வாங்க முடியாது. அவ்வளவு படிச்ச மனுஷன் இம்பீரியல் வேலிங்கற பள்ளத்தாக்கு வெயில்ல பருத்தி எடுக்கற ஆளுங்களுக்கு மேஸ்திரியா நின்னாரு, நெனச்சாலே மனசு கனக்குது.

அப்படியும் மனுஷன் ஊர் திரும்பல. லெட்யூஸும் பீட்டும் போட்டு விவசாயம் பாத்துக்கிட்டே, சட்டத்த மாத்தணும்னு மத்த இந்தியர்களோட சேந்து வருஷக்கணக்கா அலைஞ்சாரு. 1946-ல சட்டம் மாறுச்சு, 1949 டிசம்பர்ல பிரஜை ஆனாரு, அப்ப வயசு அம்பது! அடுத்த வருஷமே வெஸ்ட்மோர்லாண்ட்ங்கற சின்ன டவுன்ல ஜட்ஜ் பதவிக்கு நின்னு ஜெயிச்சாரு, ஆனா பிரஜையாகி ஒரு வருஷம் முடியலன்னு பதவியத் தரல. 1952-ல திரும்பவும் நின்னாரு. அப்ப ஒருத்தர், நீங்க ஜட்ஜ் ஆனா கோர்ட்டுக்கு வர்றவங்களுக்கு தலப்பாவ நீங்களே குடுப்பீங்களா இல்ல நாங்க வாங்கிட்டு வரணுமான்னு சீண்டினாராம். இவரு கோவமே படாம, தலைக்கு மேல என்ன இருக்குன்னு எனக்குக் கவலையில்ல, உள்ள என்ன இருக்குங்கறதுதான் முக்கியம்னு சொல்லிட்டாரு. ஜெயிச்சாரு, பதவியும் கெடச்சுது.

1956-ல காங்கிரஸுக்கு நின்னப்ப எதிர்ல ஜாக்குலின் காக்ரன், ஒலியோட வேகத்தத் தாண்டி விமானம் ஓட்டின மொத பெண், பணமும் பேரும் இருந்தவங்க. அவங்களயும் ஜெயிச்சாரு. வெளியுறவுக் கமிட்டியில எடம் கெடச்சு, 1957-ல ஆசியா சுத்தி வந்தப்ப சொந்த ஊருக்கும் போனாரு.

மூணு தடவ ஜெயிச்சவரு, 1962-ல பக்கவாதம் வந்து பேச்சே போச்சு. அந்த வருஷத் தேர்தல்ல அவர் பேரு ஓட்டுச்சீட்டுல இருந்துச்சு, ஆனா ஒரு மேடையேறி ஓட்டுக் கேக்க அவரால முடியல.