சின்சில்லா மேல சின்சில்லா: கூண்டுல ஃப்ளீஸ் விரிக்கலாமா, மரச்சீவல் கொட்டலாமா?

[திரையில்: இருட்டு அறை, டார்ச் வெளிச்சம், கம்பிக்குப் பின்னாடி ரெண்டு பெரிய காது]

ராத்திரி ரெண்டு மணி. ஹால்ல கூண்டு ஆடுற சத்தம். டார்ச் அடிச்சுப் பார்த்தா நம்ம பஞ்சு, அதான் என் சின்சில்லா. முன்னங்கை ரெண்டாலயும் நீல ஃப்ளீஸ் துணியோட மூலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, கரும்பைக் கடிச்சு இழுக்கிற மாதிரி இழுத்துக்கிட்டிருக்கு. என்னை ஒரு பார்வை பார்த்துச்சு. மறுபடி இழுக்க ஆரம்பிச்சிருச்சு.

அந்தத் துணிக்கும் அந்தப் பிராணிக்கும் பேரு ஒண்ணுதான்னு சொன்னா நம்புவீங்களா? விளையாட்டுக்குச் சொல்லலை. பாதி வீடியோவுல அந்தக் கதை வரும், ஓடிப் போயிராதீங்க.

வணக்கம் மக்களே! சின்சில்லா கூண்டுல கீழே என்ன போடுறதுங்கிற பஞ்சாயத்துதான் இன்னைக்கு. ஃப்ளீஸ் கட்சி என்ன சொல்லும்? துணியை விரி, துவை, திரும்ப விரி. மரச்சீவல் கட்சி? கொட்டு, நனைஞ்சா அள்ளிப் போடு, புதுசா கொட்டு. நான் ரெண்டு கட்சியிலயும் இருந்துட்டு வந்தவ. அதனால தைரியமா திட்டுவேன்.

சின்சில்லான்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு வேகமா. ஆண்டிஸ் மலைப் பிராணி. அரை கிலோ, கொஞ்சம் கூட. காது எலி மாதிரி, வால் அணில் மாதிரி, தாவுறது குரங்கு மாதிரி. ஒரு மயிர்க்கால்ல ஐம்பது முடிக்கு மேல முளைக்கும். வேர்க்கவே வேர்க்காது, 25 டிகிரி தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. நான் இருக்கிற டொராண்டோவுலயே ஜூலையில ஏசி ஓடணும். மதுரையில இருந்து எங்க அம்மா வீடியோ கால்ல பார்த்துட்டு, "ஏன்டி, எலிக்கு ஏசியா?"ன்னு கேட்டாங்க. ஆமாம்மா. நம்ம ஊர்ல வளர்க்கலாமான்னு கமெண்ட்ல கேக்கப் போறவங்களுக்கு இப்பவே பதில்: மே மாசம் கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க? வேண்டாம், விட்ருங்க.

சரி, பேரு கதைக்கு வர்றேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், கொஞ்சம் இழுப்பேன், பொறுத்துக்கோங்க.

இந்த முடிதான் அதுக்கு எமன். ஒரு கோட்டு தைக்க நூறு தோலுக்கு மேல வேணும். கண்டபடி வேட்டையாடினதுல, 1910-ல சிலி, அர்ஜென்டினா, பொலிவியா, பெரு நாலு நாடும் சேர்ந்து தடை போட வேண்டிய நிலைமை வந்துச்சு. 1923-ல சாப்மன்னு ஒரு அமெரிக்க சுரங்க இன்ஜினியர் கிட்டத்தட்ட ஒரு டஜன் சின்சில்லாவை உயிரோட கலிஃபோர்னியாவுக்குக் கொண்டு போனார். எதுக்கு? பண்ணை வச்சுத் தோல் எடுக்க. இன்னைக்கு வீடுகள்ல செல்லமா வளர்ற சின்சில்லால பெரும்பாலானது அந்த வம்சந்தான். நம்ம பஞ்சுவோட கொள்ளுத் தாத்தாவுக்கு எத்தனையோ கொள்ளு போட்டா அங்க போய் நிக்கும்.

அங்க இருந்து ஒரே தாவு, 1979. மாசசூசெட்ஸ்ல மால்டன் மில்ஸ்னு ஒரு துணி ஆலை. பாலியெஸ்டர் நூலைப் பின்னி, மேல்பக்கத்தைக் கம்பிப் பல்லால வாரி வாரிப் பொசுபொசுன்னு எழுப்பிட்டாங்க. அதான் ஃப்ளீஸ். அவங்களோட சேர்ந்து வேலை பார்த்தது படகோனியா, மலை ஏறுறவங்களுக்கு உடுப்பு செய்ற கம்பெனி. 1985-ல அவங்க ரெண்டு பக்கமும் பொசுபொசுன்னு இருக்கிற, உருண்டை உருண்டையா நூல் திரளாத ஒரு புது ஃப்ளீஸை இறக்கினாங்க. அதுக்கு வச்ச பேரு? சிந்தெட்டிக், சின்சில்லா, ரெண்டையும் ஒட்டிச் சுருக்கி ஒரே வார்த்தை. செயற்கைச் சின்சில்லான்னு அர்த்தம். இங்கிலீஷ்ல மிருகம் 'ச்'னு ஆரம்பிக்கும், துணி 'ஸ்'னு ஆரம்பிக்கும். இப்ப ரெண்டையும் தமிழ்ல எழுதுங்க பார்ப்போம்.

[திரையில்: சின்சில்லா. சின்சில்லா.]

வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சவங்களுக்கு ஒரு மூட்டை மரச்சீவல் பரிசு. நம்ம 'ச' ரெண்டுக்கும் பொது! உண்மையைச் சொன்னா இந்த ஒரு ஜோக்குக்காகத்தான் இந்த வீடியோவே எடுத்தேன். தோலை உரிச்சோம், அது கிடைக்காம போனதும் போலியா ஒண்ணு செஞ்சு அதுக்கு அதோட பேரையே வச்சோம், இப்ப அந்தப் போலியை வாங்கி ஒரிஜினலுக்கு மெத்தையா விரிக்கிறோம்.

இன்னும் ஒண்ணு. 1993-ல அதே கம்பெனி பழைய சோடா பாட்டிலை உருக்கி ஃப்ளீஸ் பண்ண ஆரம்பிச்சாங்க. பாட்டிலும் இந்தத் துணியும் ஒரே பிளாஸ்டிக்தான். அப்ப ராத்திரி ரெண்டு மணிக்குப் பஞ்சு கடிச்சு இழுத்தது என்ன? அங்கதான் எனக்குத் தூக்கம் போச்சு.

[திரையில்: மேஜை மேல புது ஃப்ளீஸ், இங்க் ஃபில்லர்]

இதைப் பாருங்க. கடையில இருந்து வந்த புதுத் துணி, ஒரு சொட்டுத் தண்ணி. தாமரை இலைத் தண்ணி மாதிரி உருண்டு நிக்குது. சாய்ச்சா ஓடுது. பிளாஸ்டிக் எங்கேயாவது தண்ணி குடிக்குமா? இப்ப பக்கத்துல அதே துணி, நாலு தடவை வெந்நீர்ல துவைச்சது, ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போடாம. சொட்டு விழுந்ததும் காணோம். குடிச்சிருச்சா? இல்லை. துணியைத் தூக்குங்க. மேஜை ஈரம். கீழே வடிச்சு விட்ருச்சு, அவ்வளவுதான்.

இது புரியாமத்தான் நான் முதல் மாசம் ட்ரே மேல வெறும் ஃப்ளீஸை விரிச்சு வச்சேன். மேல தொட்டா காய்ஞ்சு இருக்கு, ஆகா சுத்தம்னு நினைச்சேன். நாலாம் நாள் தூக்கிப் பார்த்தா கீழே குட்டை, மூக்கை அறுக்கிற நெடி. ஃப்ளீஸுக்கு அடியில உறிஞ்சுறதுக்குன்னு ஒரு படுகை கட்டாயம் வேணும். நான் போடுறது நம்ம ஊர் ஈரிழைத் துண்டு, நாலா மடிச்சு. ஊர்ல இருந்து வந்த பெட்டியில ஒண்ணு இருந்துச்சு. அதை அடிச்சுக்க எந்த இம்போர்ட்டட் பேடும் இல்லை.

மரச்சீவல்ல இந்த வம்பு கிடையாது, அது தானே உறிஞ்சிக்கும். ஆனா எந்த மரம்னு பார்க்கணும். ஆஸ்பென் சரி. பைன்னா சூட்டுல உலர்த்தினது, 'கில்ன் ட்ரைட்'னு பையிலயே அச்சடிச்சிருக்கும். சிடார் மட்டும் தொடாதீங்க. பையைத் திறந்தா கமகமன்னு இருக்கும், அந்த வாசனை எண்ணெய்தான் அதோட நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் கெடுதல். நமக்கு மணக்குதேன்னு வாங்கிராதீங்க, படுத்துக்கப் போறது நம்ம இல்லை. பொடியா இருக்கிற மரத்தூள், கட்டி பிடிக்கிற பூனை மணல், மக்காச்சோளக் கட்டைத் துண்டு, மூணும் வேண்டாம்.

ஹாம்ஸ்டர் வளர்க்கிறவங்க, "ஆழமா கொட்டுங்க, அதுக்குத் தோண்டப் பிடிக்கும்"னு அறிவுரை சொல்வாங்க. சின்சில்லா வளை தோண்டிக் குடியிருக்கிற ஜாதி இல்லை, பாறை இடுக்குல ஒதுங்குற ஜாதி. அதனால மரச்சீவலுக்கு இங்க ஒரே வேலை, மூத்திரத்தை உறிஞ்சுறது. அதைப் போய்க் கூண்டு முழுக்கக் கொட்டினா? மேல் தட்டுல இருந்து பஞ்சு ஒரு தாவு தாவும், கல்யாணத்துல அட்சதை போட்ட மாதிரி ஹால் முழுக்கச் சீவல். என் சாக்ஸ்ல சீவல், லேப்டாப் கீபோர்டுல சீவல், ஒரு நாள் ரசத்துல மிதந்துச்சு. பெருங்காயம்னு நினைச்சேன்.

புழுக்கை பத்திக் கேப்பீங்க. நூத்துக்கணக்குல போடும், எங்க வேணா போடும், பழக்க முடியாது. நல்லவேளை, காய்ஞ்ச அரிசி மாதிரி கடகடன்னு இருக்கும், நாத்தம் கிடையாது. ஃப்ளீஸ்ல இருந்து கையடக்க வேக்குவம்ல இழுத்துரலாம். அது தின்கிற காய்ஞ்ச டிமதி புல்லுதான் துணியில ஊசி மாதிரி குத்திக்கிட்டு வராது. அதை உதறாம வாஷிங் மெஷின்ல போட்டீங்கன்னா அடுத்த வாரம் உங்க சட்டை அரிக்கும்.

சரி, கடிக்கிற விஷயம். சின்சில்லாவுக்கு எல்லாப் பல்லும் சாகிற வரைக்கும் வளரும், கடிக்காம இருக்காது. வாந்தி எடுக்கவும் முடியாது. துணி வயித்துக்குள்ள போனா அடைப்புதான். ஃப்ளீஸ்ல ஒரு நல்லது, பின்னல் துணிங்கிறதால வெட்டின ஓரத்துல நூல் பிரியாது. ஆனா நான் ஆன்லைன்ல வாங்கின அழகான விரிப்புல ஓரம் மடிச்சுத் தைச்சிருந்துச்சு. தையல் நூல் ஒண்ணு பஞ்சுவோட பின்னங்கால் விரல்ல சுத்திக்கிச்சு. நான் புருவம் வெட்டுற கத்தரியை எடுத்து, வீட்டுக்காரர் அதை டவல்ல சுருட்டிப் பிடிக்க, நூலை வெட்டி எடுக்கிறதுக்குள்ள எங்க ரெண்டு பேருக்கும் வேர்த்துப் போச்சு. அதுக்குத்தான் வேர்க்காதே. அன்னையில இருந்து தையல் இல்லாத வெறும் துண்டு ஃப்ளீஸ்தான், ஓரத்தைத் தட்டுக்கு அடியில மடிச்சுச் சொருகிருவேன், கடிக்க மூலையே கிடைக்காது. மூலை கிடைச்ச அன்னைக்குத்தான் நீங்க முதல்ல பார்த்த சீன்.

இப்ப எங்க வீட்டு ஏற்பாடு இதுதான். மேல் தட்டுகள்ல ஃப்ளீஸ். கீழே ஒரு மூலையில ஒரு உலோக ட்ரே, அதுல பைன் சீவல். புழுக்கைக்குப் பழக்க முடியாதே தவிர, மூத்திரத்துக்கு மூலை தேடிப் போற பழக்கம் அதுக்கே இருக்கு. நனைஞ்ச சீவல்ல ஒரு பிடியை அந்த ட்ரேயில விட்டு வச்சேன், ரெண்டு வாரத்துல பிடிச்சுக்கிச்சு. உங்க சின்சில்லா துணியை இழுத்து விளையாடுறதோட நிக்காம, மென்னு முழுங்குற ஆளா? அப்ப யோசிக்காதீங்க, ஃப்ளீஸைத் தூக்கிருங்க, ரசத்துல சீவல் விழுந்தா விழட்டும். புழுக்கை குறைஞ்சு, சாப்பாட்டையும் தொடலைன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடுங்க, மறுநாள் பார்த்துக்கலாம்னு விடாதீங்க.

உங்க வீட்டுல எந்தக் கட்சின்னு கமெண்ட்ல சொல்லுங்க, லைக்கைத் தட்டுங்க. ஒரு நிமிஷம், அம்மா கால் பண்றாங்க.

[திரையில்: போன். அம்மாவோட முகம் பெருசா, ரொம்பப் பக்கத்துல]

"ஏன்டி, கூண்டுக்கு அடியில மடிச்சு வச்சிருக்கியே, அது அப்பாவோட துண்டு இல்ல?"